மழை பிடிக்கும் பாட்டில்

அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து முடித்த பிறகுதான் சிந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

மொட்டைமாடியில் ஒரு கம்பிக்கூடு, அதன் மேல் வெள்ளைப் புனல், புனலுக்கு அடியில் பாட்டில். ராத்திரி பெய்த மழை அதில் முக்கால்வாசி பிடித்திருந்தது. அந்த மழைக்குள்தான் பழத்தைப் பிழிந்திருந்தாள். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கக்கூட அந்த வீட்டில் ஆள் கிடையாது.

ஆரணியிலிருந்து கல்யாணமாகி, பாஷை தெரியாத அல்சூருக்கு வந்தவள். வந்த சூட்டோடு, கம்பெனி அவள் புருஷன் கவியரசனை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது. கீழ்வீட்டு ஓனர் கிருஷ்ணப்பா காலையில் படியில் பார்த்தால், “ஊட்டா ஆய்த்தா?” என்பார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்பதே அவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. பதில் சொல்வதற்குள் மனுஷன் ஸ்கூட்டரைக் கிளப்பியிருப்பார். அன்றைய பேச்சு அத்தோடு சரி.

மழை பெய்தால் மட்டும் அனந்தலக்ஷ்மி அக்கா வருவாள்.

மழைத்தண்ணீரைச் சோதிக்கிற ஒரு லேபில் அக்காவுக்கு வேலை. ஊரில் அங்கங்கே சில மாடிகளில் இப்படிப் பாட்டில் வைத்திருந்தார்கள். மழை பெய்த மறுநாள் காலையில் வந்து, நிறைந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு காலிப் பாட்டிலை வைக்க வேண்டும். சட்டென்று முடிகிற வேலைதான். ஆனால் காபி என்று ஒன்றைக் காட்டிவிட்டால் அக்கா அசைய மாட்டாள்.

“நேரமாகலையாக்கா?” என்று ஒரு தடவை கேட்டாள்.

“லேபுக்குப் போனா பாட்டிலுங்க, வீட்டுக்குப் போனா செவுரு. நீ இன்னும் அரை டம்ளர் ஊத்தும்மா.”

மலைக்காடுகளிலும் பாட்டில் வைப்பார்களாம். ஆலைப்புகை மேலே போய் மழையோடு கலந்தால் மழை புளித்துப்போகும் என்றாள் அக்கா. அந்த மழை தொடர்ந்து விழுகிற காட்டு ஓடையில் தண்ணீர் என்னவோ கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். பெரிய மீன்கள் கொஞ்ச காலம் அது பாட்டுக்கு நீந்தும், முட்டை மட்டும் பொரியாது. பெரிய மரம் உடனே சாயாது. அதன் கீழே முளைத்து வருகிற கன்றுதான் வேர் கருகிப் போகும்.

“பாக்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அதான் யாருக்கும் தெரியறதில்ல.”

அன்று சாயந்திரம் அம்மா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். எப்படியிருக்கே என்று கேட்டதற்கு, நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லி வைத்துவிட்டு சிந்து அழுதாள்.

போன மழைக்கு வந்தபோது அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். இந்த மாடி மழையில் புளிப்பே இல்லை, ரொம்ப நல்ல மழை, அதனால் பாட்டிலை வேறு பக்கம் மாற்றப் போகிறார்கள்.

மழை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஊரில் எவளாவது அழுவாளா? சிந்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குத்தான் எலுமிச்சம்பழம்.

வாசலில் மணி அடித்தது. அக்கா மாடிக்கு வந்தாள், பையிலிருந்து சின்னக் காகிதத் துண்டு ஒன்றை எடுத்து பாட்டில் தண்ணீரில் நனைத்தாள். எப்போதும் மஞ்சளாகிற காகிதம் அன்றைக்குப் பளிச்சென்று சிவந்தது. அக்கா காகிதத்தைப் பார்த்தாள். பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனாள்.

“புளிச்சிருக்காக்கா?” என்று சிந்து கேட்டேவிட்டாள். கள்ளி, குரலில்தான் எவ்வளவு ஆசை!

“ரொம்ப” என்றாள் அக்கா.

அன்று அக்கா உட்காரவில்லை. மாடியிலேயே நின்றபடி காபியைக் குடித்தாள், டம்ளரைக் கைப்பிடிச்சுவரின் மேல் வைத்தாள், பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

டம்ளரை எடுக்கப் போன சிந்து அப்படியே நின்றுவிட்டாள். டம்ளரை ஒட்டி, பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடி கிடந்தது.

போச்சு. மானமே போச்சு. எட்டித் தெருவைப் பார்த்தாள்.

கீழே அக்கா பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். பக்கத்திலேயே, யாரோ புதிதாக நட்டு வேலி கட்டிய மரக்கன்று ஒன்று இருந்தது. அக்கா அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், சாக்கடையில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

எங்கோ காட்டில் நிஜமாகவே பொரியாமல் போகிற முட்டைகளை வைத்து விளையாடிவிட்டோமே என்று சிந்துவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அதைவிட, அக்கா இனி வர மாட்டாள் என்பதுதான் பெரிதாகப் பட்டது.

அந்த வாரமே இரண்டு பேர் வந்து புனல், கம்பிக்கூடு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு மழையே இல்லை. தினமும் வெயில் மண்டையைப் பிளந்தது. துவைத்த துணி பிழிந்து போட்ட கையோடு காய்ந்தது. கிருஷ்ணப்பா ஊட்டா ஆய்த்தா என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரில் போனார்.

அப்படி ஒரு காலையில் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் அக்கா. புடவைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு காலிப் பாட்டில்.

“ராத்திரி இங்க நல்ல மழையாமே?”

சிந்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஆமாக்கா. கொட்டித் தீத்துடுச்சு.”

“அதான் வந்தேன்” என்றபடி அக்கா செருப்பைக் கழற்றினாள். “காபி போடு. பழம் மட்டும் புழிஞ்சுடாதே.”