சொந்தக்காரர் இல்லாத காற்று

நடுத்தண்ணீரில் காற்று நின்றுபோனது.

உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த பாய் ஒரு தடவை சிலுப்பிக்கொண்டு அப்படியே தொங்கிவிட்டது. வள்ளத்துக்குள் படுக்க வைத்திருந்த சைக்கிளின் முன்சக்கரம் மட்டும், இன்னும் செய்தி எட்டாததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னங்க, நின்னிருச்சு?" என்றாள் நாகலெட்சுமி.

"காத்து மூச்சு வாங்குது. பொறு புள்ள."

பேரன் பேத்தி எடுத்தவளைப் புள்ள என்கிறார் செபமாலை. தோட்டத்தில் பக்கத்து லய வீட்டுக்காரர். அவர் மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். இவள் புருஷனும் அப்படித்தான். செபமாலை வாலிபத்தில் நீர்கொழும்பு மீன்காரர்களோடு கிடந்து பாய் கட்டப் பழகியவர்.

ஓடிப்போகிற வயசா இது என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்துவிட்டாள். சிரிப்புத்தான் வந்தது.

பஸ்ஸில் ஏற முடியாது. மஸ்கெலியாவிலிருந்து முதல் பஸ்ஸை ஓட்டுவதே அவள் மகன் யோகேஸ்வரன். ஆட்டோக்காரப் பையன்கள் அத்தனை பேருக்கும் அவள் பெரியம்மா. ஏறி உட்கார்ந்தால் போதும், அவளை இறக்கிவிடுவதற்குள் தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

"காத்துக்கு மட்டுந்தான் நம்ம பக்கம் சொந்தக்காரங்க இல்ல" என்றார் செபமாலை. அப்படித்தான் இந்தப் பயணம் முடிவானது.

இந்த அணைத் தண்ணீரின் அக்கரை வரைக்கும் பாய். அங்கிருந்து சைக்கிள். நோட்டன் பிரிட்ஜ் வரை இறக்கம், மிதிக்கவே வேண்டாம். பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் சரி. அப்புறம் கித்துள்கல. அதற்குக் கீழே எல்லாம் சமதரை. நீர்கொழும்பில் கூட்டாளி ஒருவரின் பாய்வள்ளம் காத்திருக்கிறது. கடலோரமாகவே போனால் கற்பிட்டி. அங்கே ஒரு சின்ன வீடு, வாசலெல்லாம் மணல். வழி முழுக்க ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை, புகை இல்லை.

"ஏத்த எறக்கமே இல்லாத வாசலா?" அவளால் அதைத்தான் நம்ப முடியவில்லை. "தண்ணி ஊத்துனா ஓடாதா?"

"ஊத்துன எடத்துலயே குடிச்சிக்கும்."

மகனை நினைத்தால்தான் பயம். விஷயம் காதில் விழுந்த அன்று அவன் கத்தவில்லை. "ஊரு சிரிக்கும்மா" என்றான். அன்றைக்கு மூடிய வாய்தான். இந்நேரம் பஸ்ஸை எடுத்திருப்பான். ரோடு இந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் போகிறது.

பனி விலகுவதற்குள் அக்கரை சேர வேண்டும்.

"பாத்துட்டான்னா?"

"பாக்கட்டுமே. நீந்தியா வரப்போறான்?"

"நீந்த வேணாங்க. அம்மான்னு ஒரு தடவ கூப்பிட்டாப் போதும், நான் திரும்பிருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

செபமாலை கையில் இருந்த ஒற்றைத் துடுப்பால் வலித்துப் பார்த்தார். வள்ளம் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு நின்றது.

எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலை தூக்குகிற இடம் இது. அணை கட்டியபோது பழைய ஊரோடு சேர்ந்து முழுகிப்போன கோயில்.

சட்டென்று செருப்பைக் கழற்றினாள். செபமாலையும் கழற்றினார்.

"நீங்க வேதக்காரரு. ஒங்க சாமி கோச்சுக்காதா?"

"எங்க சாமி தண்ணி மேலயே நடந்தவரு. அவருக்கு இதெல்லாம் பழக்கம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இத்தனை காலம் மேலே கொழுந்து எடுத்துக்கொண்டே, மடித்துப் போட்ட சேலை மாதிரி பார்த்த தண்ணீர். இப்போது அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். தேயிலை மலைகள் தலைகீழாக வந்து வள்ளத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. கீழே பழைய பஜார் இருக்கும். மீன்கள் சன்னதிக்குள் போய் வந்துகொண்டிருக்கும். அந்தத் தெருவில் யாராவது நின்று அண்ணாந்து பார்த்தால், நாங்கள் இரண்டு பேரும் ஒரு சின்ன மேகமாகத்தான் தெரிவோம் என்று நினைத்தாள். யார் வீட்டு மேகம் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

பனி ஓர் ஓரமாகக் கிழிந்தது.

ரோட்டில் பஸ் வந்துகொண்டிருந்தது. வந்தது, நின்றது. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது.

யோகேஸ்வரன் இறங்கித் தண்ணீர் ஓரம் வரைக்கும் வந்தான். பஸ்ஸின் ஜன்னல்கள் முழுக்கத் தலைகள். தெரியாத தலை ஒன்றுகூட இல்லை.

"திருப்பிருங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கூப்பிடப் போறான்."

அவன் இரண்டு கையையும் வாயருகே குவித்தான்.

"சித்தப்பா!"

மலைகள் அந்தச் சொல்லை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டன.

செபமாலை பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ அங்கே இருப்பதுபோல. இருபது வருஷமாக அவரை மாமா என்று கூப்பிட்ட வாய் அது.

"சித்தப்பா! மேல மரமெல்லாம் ஆடுது. காத்து எறங்கி வருது. பாய இழுத்துக் கட்டுங்க!"

ஊரே கேட்கத்தான் சொன்னான். சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறி, ஊரை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அம்மா என்று மட்டும் அவன் கூப்பிடவே இல்லை.