நிறம் ஏறாத வரிசை

மதிய வெயில் ஆய்வகத்து மேசைமேல் சாய்ந்து விழுகிறது. ஆராய்ச்சி மாணவி ஒரு பிளாஸ்டிக் தட்டின் சின்னச் சின்னக் குழிகளையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாக் குழிகளிலும் ஒரே நொதி. அது வேலை செய்தால் குழி மஞ்சளாகும். ஏதாவது அதைத் தடுத்துவிட்டால் நிறம் ஏறாது. முதல் வரிசையில், ஒரு செடியின் இலையிலிருந்து அவள் வடித்த வாசனை எண்ணெய். அடுத்த வரிசையில், அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் இருக்கும் லினலூல் என்ற வேதிப்பொருள் மட்டும். நொதியைத் தடுப்பது லினலூல்தான் என்று ஆய்வேட்டில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். லினலூல் வரிசை மெல்ல மஞ்சளாகிறது. எண்ணெய் வரிசை தண்ணீர் போலவே நிற்கிறது.

குடுவை கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்க்கிறார். "என்னம்மா, மூணாவது தடவையும் இப்படித்தானா?"

"ஆமாக்கா. நான் கை காட்டின லினலூல் சும்மா கூட்டத்துல நின்னவன். வேலையைச் செஞ்சவன் வேற யாரோ."

"யாருக்குத் தெரியப்போகுது? எழுதினபடியே குடுத்துடேன்."

"எனக்குத் தெரியுமேக்கா."

ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தில் மூலைக்கு மூலை கோடு இழுக்கிறாள். எண்ணெயிலுள்ள பொருள்களின் பட்டியலை விரிக்கிறாள். லினலூல் போக இன்னும் இருபத்திரண்டு; ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். சில பொருள்கள் அரை சதவீதம்கூட இல்லை.

"கைடு சார் கேட்டா என்ன சொல்லுவே?"

"இன்னும் ஆறு மாசம் ஆகும்னு நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

புதுக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, முதல் குப்பியின்மேல் 'ஒன்று' என்று எழுதுகிறாள்.