வாய்விட்டு ஒரு ஜெபம்

“நான் ஜெபம் பண்ண மாட்டேன் டீச்சர். என்னை விட்டுடு.”

கட்டிலின் ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்துகொண்டு கணவன் சொன்னான். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் வீட்டிலும் அவனுக்கு அவள் டீச்சர்தான். இப்போது அந்த டீச்சர் பச்சை அங்கியில், கம்மலும் வளையலும் கழற்றிவிட்டு, மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தாள். பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சின்னது பெரியது எல்லாம் வெட்டுகிறவருக்கு, படுத்திருக்கிறவருக்கு ஏது? அவளுக்கு உள்ளங்கால்வரை பயம் இறங்கியிருந்தது.

“ஊருக்கெல்லாம் பண்றீங்க. கட்டின பொண்டாட்டிக்குப் பண்ண மாட்டீங்களா?”

“அதான் டீச்சர் பயமா இருக்கு. நான் யாருக்குப் பண்ணாலும் அவங்க போய்ச் சேர்ந்துடறாங்க.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவளைக் கல்யாணம் செய்துகொள்வதற்காகத்தான் அவன் சர்ச் பக்கமே வந்தவன். பாட்டு வந்துவிட்டது, ஜெபம் மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் தூக்கம்தான் வருகிறது என்றான். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அதே வழியை டீச்சர் அவனுக்கும் சொன்னாள். “யாராவது நல்லா ஜெபம் பண்ணா காது கொடுத்துக் கேளுங்க. அப்படியே மனப்பாடம் பண்ணிக்குங்க. அர்த்தம் பின்னாடி தானா புரியும்.”

அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மருத்துவமனையில் வண்டி ஓட்டுகிற வேலை அவனுக்கு. சிக்னலில் நின்றால் ஜெபம், டீ ஆறுகிற நேரத்தில் ஜெபம். உதடு அசையும், சத்தம் வராது. அவ்வளவு கூச்சம். அதைப் பார்த்து அவளுக்கு வாயெல்லாம் பல்.

“ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு மூட்டுவலின்னு பண்ணேன். என்ன ஆச்சு?”

“அவங்களுக்கு வயசாயிடுச்சுங்க.”

“எங்க சூப்பர்வைசருக்கு?”

“அவருக்கு ஏற்கெனவே ஹார்ட் பிரச்சினை.”

“சரி, அந்த மெக்கானிக்? இரும்பு மாதிரி இருந்தான். வெறும் பல்வலி. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னானேன்னு பாவப்பட்டுப் பண்ணேன். மறுநாள் காலையில ஆள் எழுந்திருக்கவே இல்லை.”

அந்தச் சாவு வீட்டுக்கு அவளும் போயிருந்தாள். தூங்குகிறவன் மாதிரிதான் படுத்திருந்தான். கன்னத்து வீக்கம்கூட வடிந்திருந்தது.

“எனக்குக் கருநாக்கு டீச்சர். அது தெரியாம சாமி காரியத்துல வாயை வச்சுட்டேன்.”

“ஜெபத்துல கருநாக்கு வெள்ளைநாக்கு எல்லாம் கிடையாது” என்றாள், வகுப்பில் அதட்டுகிற குரலில். “கேட்கிறதுதான் நம்ம வேலை, கொடுக்கிறது அவர் வேலை. நாம எதைக் கேட்கிறோமோ அதைத்தான் கொடுப்பார். மாத்தியா கொடுத்துடப் போறார்?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் உள்ளே வந்தாள்.

“போகலாமா டீச்சர்? தியேட்டர்ல எல்லாரும் காத்துட்டிருக்காங்க.”

அதுவரை இருந்த அதட்டல் எல்லாம் எங்கே போனதோ, அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. நான் திரும்பி வரணும். நீங்க ஜெபம் பண்ணாம நான் உள்ளே போக மாட்டேன்.”

“டீச்சர்...”

“முணுமுணுக்க வேணாம். வாய்விட்டுச் சொல்லுங்க. இன்னைக்கு நானும் கேட்கணும்.”

அவன் நர்ஸைப் பார்த்தான். நர்ஸ் மரியாதையாகக் கண்களை மூடிக்கொண்டாள். இனித் தப்பிக்க வழியில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆரம்பித்தான்.

“ஆண்டவரே, எங்கள் நடுவிலிருந்து இவளை உம் கையில் ஒப்புவிக்கிறோம்...”

மனைவிக்கு உடம்பு சிலிர்த்தது. அது அவன் பேசுகிற குரலே இல்லை. வேறு யாருடைய இழுவையோ, வேறு யாருடைய நிதானமோ அவன் தொண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

“இவளுடைய பாடுகளை ஓயப்பண்ணும். உம்முடைய வாசலை இவளுக்குத் திறந்து வையும். நாங்கள் திரும்பிப் போகிறோம், நீர் இவளோடு இரும்.”

எவ்வளவு அழகான வார்த்தைகள்! ஆனால் இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவள் மனம் தடுமாறியது. ஸ்பிரிட் வாடை அடிக்கிற அந்த அறையில் எங்கிருந்தோ ஈர மண்ணின் வாடை வந்தது போலிருந்தது. எப்போதோ குடை பிடித்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நின்று, அழுதுகொண்டே... எங்கே என்று பிடிபடுவதற்குள், பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

“ஆமென்” என்றாள்.

“ஆமென்” என்று நர்ஸும் சொல்லிவிட்டு, அவளை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றித் தள்ள ஆரம்பித்தாள். அவன் கூடவே வேகமாக நடந்து வந்தான். சொல்லி முடித்த நிம்மதியில் அவன் முகம் தெளிந்திருந்தது.

“நல்லா இருந்துச்சா டீச்சர்?”

“நல்லா இருந்துச்சுங்க. எங்கே கேட்டு மனப்பாடம் பண்ணீங்க?”

தியேட்டர் கதவு இரண்டு பக்கமும் திறந்து அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. வாசலிலேயே நின்றுவிட்ட அவன், அவளுக்குக் கேட்கட்டும் என்று பெருமையாகச் சத்தம் போட்டுச் சொன்னான்.

“கல்லறைத் தோட்டத்துலதான்! நம்ம வண்டியில கொண்டுபோற பெட்டியைக் குழிக்குள்ள இறக்கும்போது சர்ச் ஐயர் ஒவ்வொரு தடவையும் இதைத்தானே சொல்றாரு!”