முழங்காலுக்கு எத்தனை சதவீதம்?

காலையிலிருந்து நிலைக்கண்ணாடி முன்னால் நடந்து நடந்து பார்த்தார் சார்ஜென்ட். எட்டாவது தடவைதான் நடை மனசுக்குப் பிடித்தது. இரண்டு வலி மாத்திரைகளை விழுங்கி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, ஒற்றை ஆள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பட்டாளப் பயிற்சியில் சுவரேறிக் குதித்தபோது நொறுங்கிய இடது முழங்கால் அது. அப்படிப்பட்ட காயத்துக்கு ஊனச் சதவீதம் போட்டு, அந்தக் கணக்கில் பென்ஷன் தருவார்கள். தேறிவரும் முட்டி என்றால் வருஷா வருஷம் மறுசோதனை. இனித் தேறாது என்று டாக்டர் எழுதிவிட்டால் நிரந்தரம். சதவீதமும் கூடும், அப்புறம் அலையவும் வேண்டாம்.

பட்டாள ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் இருந்த பழைய பட்டாள டிரைவர் சீண்டினார். "அஞ்சு வருஷமா வர்றியே, இன்னுமா நிரந்தரம் ஆகல? உனக்கு நொண்டவே தெரியலய்யா."

"இந்தத் தடவை நல்லாப் பழகிட்டு வந்திருக்கேன்" என்றார் சார்ஜென்ட்.

உள்ளே டாக்டர் கோணமானியை எடுத்தார். இரண்டு பட்டைகள், சேருமிடத்தில் ஒரு திருகாணி. திருகாணி முட்டியின் பக்கவாட்டில் உட்கார வேண்டும். ஒரு பட்டை தொடையோடு, மற்றது கணுக்காலை நோக்கி. கால் மடங்க மடங்க டிகிரி நகரும். மூன்று தடவை மடக்கச் சொல்வார்கள். களைத்த முட்டிதான் உண்மை பேசும்.

ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்டார். "வலிக்குதா?"

சார்ஜென்ட் அவசரப்படவில்லை. நிதானமாக அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "லேசா" என்றார்.

"சரி, கொஞ்சம் நடந்து காட்டுங்க."

நடந்தார். பழகிய நடை பிசகவில்லை.

டாக்டர் குனிந்து, கட்டிலடியில் சார்ஜென்ட் கழற்றி வைத்திருந்த ஷூக்களைப் புரட்டிப் பார்த்தார். வலது குதிகால் சரிந்து தேய்ந்திருந்தது. இடது, கடையில் வாங்கினபடியே இருந்தது.

"நடிக்கறீங்களா சார்ஜென்ட்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்ல காலை நொண்டுறவங்களைத் தினம் பாக்கறேன். நொண்டுற காலை நல்லா இருக்கற மாதிரி நடத்திக் காட்டினது நீங்க ஒருத்தர்தான். இடது காலை நீங்க ஊன்றதே இல்லன்னு ஷூவே சொல்லுது. அஞ்சு வருஷமா தேறுதுன்னு எழுதி ஏமாந்திருக்கேன். இன்னைக்கே நிரந்தரம்னு போட்டுடறேன். இனிமே நீங்க இந்தப் பக்கம் வரவே வேண்டாம்."

பேனா பிடித்திருந்த கையைச் சார்ஜென்ட் மெல்லத் தொட்டார்.

"வலிக்குதான்னு கேக்க எனக்கு வேற ஆள் இல்ல டாக்டர்."