தீவாந்தரம் என்றொரு ஊர்

கரை தெரிந்ததும் அவள் முகம் கழுவிக்கொண்டாள்.

குடிக்கக் கொடுத்த தண்ணீரில்தான் கழுவினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கைதிப் பெண் ஏசினாள். இவள் காதில் வாங்கவில்லை. ஈரக்கையால் தலைமயிரைப் படிய வாரி முடிந்துகொண்டாள். கால் விலங்கின்மேல் சேலையை இழுத்துவிட்டாள்.

அவன் முன்னால் போய் நிற்க வேண்டும்.

முதலில் வைவான். உன்னை யார் வரச் சொன்னது என்பான். வையட்டும். அவன் வைது கேட்டு எத்தனை காலமாயிற்று.

வீட்டில் அவன் இருந்தவரை அவள் அதிகம் பேசியதில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அவன் போன பிறகுதான் சேர்ந்தது. அடுப்பு புகைந்தால் அவனிடம் சொல்லத் தோன்றும். மழை வருகிற மாதிரி இருந்தால் சொல்லத் தோன்றும். திரும்பிப் பார்த்தால் சுவர் இருக்கும்.

மழை பொய்த்த வருஷம் அது. பண்ணையார் களத்திலிருந்து இரண்டு பேருமாகத்தான் கதிர்க்கட்டைத் தூக்கினார்கள். அவன் தலையில் ஒன்று, அவள் தலையில் ஒன்று. பண்ணையார் ஆட்கள் தேடிவந்தபோது அவன் மட்டும் வெளியே போய் நின்றான். பழைய ஆட்டுத் திருட்டு ஒன்றும் அவன்மேல் இருந்தது.

அவளுக்கு ஒன்றும் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தாள் என்று கச்சேரியில் வழக்கு விசாரித்த வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னான்.

அவனுக்குத் தீவாந்தரம் என்று தீர்ப்பாயிற்று. கடலுக்கு அப்பால் என்றார்கள். போனவன் திரும்பி வந்ததில்லை என்றார்கள்.

திரும்பி வராவிட்டால் என்ன. போகலாம் அல்லவா.

ஒரு கல்யாண வீட்டில் நுழைந்து, பட்டப்பகலில், வெண்கல உருளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். துரை இரக்கப்பட்டுவிட்டார். பெண்பிள்ளை என்று சில மாதம் உள்ளூர்ச் சிறையோடு விட்டார்.

வெளியே வந்தாள். தாசில்தார் வீட்டுத் தொழுவத்தில் காளையை அவிழ்த்தாள். கடைத்தெரு வழியாக ஓட்டிக்கொண்டுபோய்க் கச்சேரி வாசல் தூணிலேயே கட்டினாள்.

இந்தத் தடவை துரைக்குக் கோபம் வந்தது.

தீர்ப்பைத் தமிழில் சொன்ன குமாஸ்தா, அவள் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தார். புரியவில்லை போலிருக்கிறது என்று நிதானமாக இன்னொரு தடவை சொன்னார்.

அவள் இன்னொரு தடவை கும்பிட்டாள்.

நங்கூரச் சங்கிலி கடகடவென்று இறங்கியது. மாலுமிகள் வெற்றுப் பீப்பாய்களைப் படகுக்கு உருட்டினார்கள். அவர்களில் சேகு மீரான் காயல்பட்டினத்துக்காரர். கப்பலில் அவள் பேச்சு விளங்கிய மாலுமி அவர் ஒருவர்தான்.

"வந்துட்டமா அண்ணே?"

"எங்க?"

"தீவாந்தரத்துக்குத்தான்."

பீப்பாயை உருட்டிய கை நின்றது.

"தீவாந்தரம்னு ஒரு ஊரு இல்லம்மா. இது பினாங்கு. தண்ணி எடுக்க நிக்கிறோம். ஒங்கள எறக்குறது சிங்கப்பூர்ல. பர்மாவுல மோல்மேன்னு ஒண்ணு இருக்கு. இன்னும் எங்கெங்கயோ இருக்கு. எல்லாத்துக்கும் அந்தப் பேருதான்."

அவள் அப்படியே பலகைமேல் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"அவியள எங்க எறக்கிருப்பாவ?"

சேகு மீரான் கரையைக் காட்டினார்.

அங்கே ஆண்கள் வரிசையாகக் கூடையில் கல் சுமந்துகொண்டிருந்தார்கள். எல்லார் காலிலும் இரும்பு. எல்லார் இடுப்பிலும் ஒரே மாதிரித் துண்டு. வெயிலில் எல்லா முதுகும் ஒரே கறுப்பு. முகம் தெரிகிற தூரமில்லை.

"அதுவும் நம்ம பக்கத்து ஆளுகதான். ஒன் ஆளு இருந்தாலும் இருக்கலாம். பேரச் சொல்லு, கரையில கேட்டுப் பாக்கேன்."

அவள் வாயைத் திறந்தாள்.

தாலி கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டால் அவனே சொல்லிக்கொள்வான். கச்சேரியில் கேட்டபோது, பின்னால் நின்ற ஊர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொடுத்தார். கட்டினவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும்.

"எங்க வீட்டு ஆளு," என்றாள்.

"அப்படிக் கேட்டா எவன் வருவான்?"

சேகு மீரான் காத்திருந்தார். அவளுக்கு நாக்கு எழவில்லை. கீழே படகிலிருந்து யாரோ அதட்டினார்கள். அவர் ஏணியில் இறங்கிப் போனார்.

அவள் கப்பல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படகு கரைக்குப் போனது. உதட்டுக்குள் அந்தப் பெயரை வைத்துப் பார்த்தாள். படகு நிறைந்த பீப்பாய்களோடு திரும்பியது. ஏறி வந்த சேகு மீரான் அவள் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனார். அவர்மேல் என்ன தப்பு.

நங்கூரம் ஏறியது. பாய் விரிந்து புடைத்தது. கரை மெல்ல நகரத் தொடங்கியது.

"மாசானம்."

அவளுக்கே கேட்கவில்லை.

"மாசானம். ஏ, மாசானம்."

அடிவயிற்றிலிருந்து வந்தது. கப்பலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். அவள் நிறுத்தவில்லை. காற்று அந்தக் குரலைத் தண்ணீரின்மேல் கொண்டுபோயிற்று.

கல் சுமந்தவர்களில் ஒருவன் நிமிர்ந்தான்.

பிறகு அவனுக்கு அடுத்தவன்.

பிறகு வரிசை முழுவதும். கூடைகள் தரைக்கு இறங்கின. காவல்காரன் கம்பை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

கடலிலிருந்து ஒரு பெண் தமிழில் கூப்பிடுகிறாள்.

அது தன் பெயர் இல்லையே என்று ஒருவனும் குனியவில்லை.