ஏனுங்க

"ஏனுங்க!"

ராமாமணி ஸ்பீட் போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டதும், கடலில் குப்புற மிதந்தபடி மீன் பார்த்துக்கொண்டிருந்த ஆண்களின் தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன.

எல்லாமே கண்ணாடி மாட்டி, வாயில் குழாய் கவ்விய தலைகள். எல்லாமே கோயமுத்தூர்ப் பக்கத்து மோட்டார் பம்ப் டீலர்கள். வீட்டில் ஒவ்வொருவரையும் அவரவர் மனைவி அப்படித்தான் கூப்பிடுகிறாள். பாவம், யாருக்கு வந்த அழைப்பு என்று தெரியாமல் படகையே பார்த்தார்கள்.

புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிப் படகில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ராமாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்த தலைகளில் அவள் வீட்டுக்காரர் திருமலைசாமியின் தலை இல்லை. படகின் ஏணியில் ஒரு லைஃப் ஜாக்கெட் மட்டும் நாடா அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

தாய்லாந்து டூர் வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். கம்பெனிக்காரர்களே டீலர்களைக் குடும்பத்தோடு கூட்டிப்போகிறார்கள், ஓசியில் வருவதை விடுவானேன் என்று அவள்தான் இழுத்துவந்தாள். உண்மையில் அவளுக்கு ஓசியைப் பற்றி என்ன அக்கறை? கடலைப் பார்த்தாலாவது மனுஷனுக்கு மனசு ஆறாதா என்ற ஆசைதான்.

மாசி மாதம் ஒரு தென்னந்தோப்பில், தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போடப்போன பண்ணையாள் அங்கப்பன் ஷாக் அடித்துச் செத்துப்போனான். மோட்டாரை விற்றது, மாட்டியது எல்லாம் பொள்ளாச்சியில் இவர்கள் கடைதான். யாரும் இவரைக் குறை சொல்லவில்லை. எலி வயரைக் கடித்திருக்கும் என்று தோப்புக்காரரே சொல்லிவிட்டார்.

ஆனால் சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர் பாதியில் கையை நிறுத்திவிடுவார். "எர்த் வயர் குடுத்தனா, இல்லியா அம்மணி?"

"குடுத்திருப்பீங்க" என்பாள் அவள். வேறென்ன சொல்வாள்? அத்தோடு தட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்துவிடுவார்.

இன்று காலை பட்டாயாவில் படகு ஏறியதிலிருந்து நன்றாகத்தான் இருந்தார். அலை தூக்கிப்போட்டபோது சிரிக்கக்கூடச் செய்தார். முதல் தீவில் அவளை நிற்கவைத்து போட்டோ எடுத்தார். பிலிம் தீர்ந்துபோகும் என்று அவள்தான் தடுக்க வேண்டியிருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

இரண்டாவது தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தி, மீன் பார்க்க இறங்கச் சொன்னார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றியதும் தொப்பைகளுக்குக் கீழே வெள்ளி அரைஞாண்கொடிகள் வெயிலில் மின்னின. படகோட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள், தண்ணீரில் போய்விடும் என்று கையைக் காட்டினான்.

"பாடையில வெக்கறப்பத்தான் இதைக் கழட்டுவாங்க, தம்பி" என்று கருமத்தம்பட்டி டீலர் அவனுக்குத் தமிழிலேயே பதில் சொன்னார். படகே அதிர்ந்தது.

திருமலைசாமி மட்டும் பனியனைக் கழற்றவில்லை. கூச்சம் என்று அவள் நினைத்தாள். கைக்குட்டை முடிச்சு ஒன்றை அவள் கையில் வைத்தார். "வாட்ச்சும் மோதிரமும். பத்திரம் அம்மணி." எல்லா ஆண்களும் அப்படித்தான் எதையோ மனைவி கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். அவள் முடிச்சைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அதா பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவள் இப்போது கை நீட்டினாள்.

மிதவைக் கயிற்றுக்கும் அப்பால் ஒரு வெள்ளைப் பனியன். கண்ணாடியும் இல்லை, குழாயும் இல்லை. தலையை வெளியே நீட்டிக் கிணற்று நீச்சல் அடித்துக்கொண்டு, கரை இல்லாத பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க! ஏனுங்க!"

திரும்பவில்லை. சுற்றிலும் ஆட்கள் நீந்துவதால் என்ஜினைப் போட முடியாது என்று படகோட்டி கையை விரித்தான். கருமத்தம்பட்டிக்காரர் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டு, "பொள்ளாச்சிக்காரரே!" என்று கத்திப் பார்த்தார். டூரில் எல்லோருக்கும் ஊர்ப் பெயர்தான் பெயர்.

"அவரு பேரைச் சொல்லிக் கூப்புடுங்கக்கா!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட மகள்தான் சொல்வாள். திருமலை என்ற வார்த்தையே அவள் வாயில் வராது. திருப்பதிக்குப் போனாலும் 'மேலே கோயிலுக்கு' என்றுதான் சொல்வாள்.

வெள்ளைப் பனியன் சிறிதாகிக்கொண்டே போனது.

"திருமலைசாமீ!"

தொண்டை கிழிந்துவிட்டது.

வெள்ளைப் பனியன் நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு திரும்பியது.

ஏணியைப் பிடித்து ஏறியவருக்கு மூச்சு வாங்கியது. கண்கள் சிவந்திருந்தன.

"பேரைச் சொல்லிப்போட்டியே அம்மணி" என்றார்.

"சொல்லிப்போட்டனுங்க."

படகில் ஒரே விசில். கருமத்தம்பட்டிக்காரர் கை தட்டினார். இனிமேல் பொள்ளாச்சியில் மதுரை மீனாட்சி ஆட்சிதான் என்று யாரோ சொன்னார்கள். ராமாமணியும் வெட்கத்தில் சிரித்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தாற்போல் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாட்சைத் திருப்பிக் கொடுப்போம் என்று பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள்.

வாட்ச். மோதிரம்.

அடியில், வளையம் வளையமாகச் சுருட்டி, அவருடைய வெள்ளி அரைஞாண்கொடி.

சுற்றிலும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க" என்றாள். குரல் பாதிதான் வந்தது.

இந்த முறை அவர் ஒருவர்தான் திரும்பினார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். ஈரப் பனியனை மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வெறும் இடுப்போடு அவள் முன்னால் வந்து நின்றார்.