பார்த்தவுடனே தெரியும்

புற்றுநோய் முற்றியவர்களின் உடம்பில் எவ்வளவு சத்து மிச்சமிருக்கிறது என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடுவதில் அந்த உணவு நிபுணருக்குத் தனிப் பெருமை. எதிரே உட்கார்ந்திருந்த தம்பதியில், கன்னம் குழி விழுந்த கணவரிடம் கேள்வியை ஆரம்பித்தார்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

கணவர் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தார்.

“கேக்கறாருல்ல, சொல்லுங்க” என்றாள் தாட்டியான மனைவி.

“அரை டம்ளர் டீ.”

“ராத்திரி?”

“தொண்டையில எறங்கல சார்.”

“சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சா?”

“ஆமா.”

எடை மெஷினில் ஏற்றினால் ஐம்பது கிலோ. காலையில் எடை பார்த்து எழுதிய சீட்டிலோ எண்பது! நிபுணர் நர்ஸைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், காலையில யாரைப் பார்த்து எழுதினீங்க? முப்பது கிலோ எங்க போச்சு?”

நர்ஸ் மனைவியைக் கைகாட்டினாள். “சார், நான் எடை பார்த்தது அந்தம்மாவை. அவங்கதான் பேஷண்ட்.”

சீட்டில் பெயரைப் படிக்கும் பழக்கமெல்லாம் நிபுணருக்கு இல்லை.

“ஏம்மா, முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?” என்று மனைவிமேல் பாய்ந்தார்.

“எனக்கு இந்த வியாதி வந்ததுலேர்ந்து, எப்பக் கேட்டாலும் வெளியில சாப்பிட்டேன்னே சொல்லிட்டிருந்தாரு சார். இன்னிக்குத்தான் நெஜத்தைச் சொல்றாரு. நடுவுல புகுந்து கெடுக்க வேணாம்னு இருந்தேன். முதல்ல இவருக்கு எழுதிக் குடுங்க.”